குலேர்: மலையடிவாரத்து ஓவியர் ஊர்

இலங்கையை ஒருபோதும் கண்டிராத ஓவியன் ஒருவன், கடலையேனும் கண்டிருப்பானோ என்று ஐயுறத்தக்கவன், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலங்காபுரியை வரைந்தான். ஓரத்தில் பொன்மதில் சூழ்ந்த கோட்டை. அதனுள்ளே பத்துத் தலையும் இருபது கையும் உடையவனாய் அமைச்சரோடு ஆலோசனை நடாத்தும் இராவணன். வெளியே வானரரும் கரடிகளும் நிறைந்த பாசறை. அவர் நடுவே பச்சைமேனி இராமனும் அவன் தம்பியும். ஏடொன்றில் அங்கதன் கோட்டையினுட் பாய்ந்து இராவணனுடைய முடியைக் கவர்ந்து செல்கின்றான். இவ்வாறு ஏடு ஏடாக வளர்ந்த இச்சித்திர வரிசை ‘இலங்கை முற்றுகை’ என இன்று உலகெங்கும் அறியப்பட்டது. இது பிறந்த இடம் இலங்கைக்கு ஈராயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், இமயத்தின் அடிவாரத்தில், குலேர் என்னும் சிற்றூர்.

இன்று இந்தியாவின் இமாசலப் பிரதேசத்துக் காங்ரா மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர் உண்மையில் ஈரூர். பாணகங்கை என்னும் ஆற்றின் ஒரு கரையில் ஹரிப்பூர், மறுகரையில் குலேர். வடக்கே நோக்கினால் தௌலாதார் மலைத்தொடரின் வெண்பனி முடிகள் சுவரெழுப்பினாற்போல் நிற்கும். ஊரோ அம்மலைகளின் காலடியில், சிவாலிக் குன்றுகளுக்கிடையே, வெயிலும் மாமரமும் உள்ள தாழ்நிலத்தில் கிடக்கின்றது. பனிமலை கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. இங்கு வரையப்பட்ட ஓவியங்களிலும் பனிமலை அருமையாகவே தோன்றுகின்றது. ஓவியர் விரும்பியவை தாழ்ந்த பசுங்குன்றுகளும் ஆற்று வளைவுகளுமே.

ஊரின் பிறப்பைக் கூறும் வரலாறு கதை போன்றது. காங்ரா அரசன் ஹரிசந்த் என்பான் வேட்டைக்குச் சென்றவிடத்துப் பாழ்ங்கிணறொன்றில் வீழ்ந்தான். உடன்சென்றோர் தேடிக் காணாது, புலி கொன்றதென்றோ வேறெவ்வாறோ முடிவுகட்டித் திரும்பினர். ஈமச்சடங்குகள் நடந்தன, அவன் மனைவியர் தீப்பாய்ந்தனர் என்பர், இளையோன் கரம்சந்த் முடிசூடினான். நாட்கள் பல கழிந்தபின் வழிச்சென்ற வணிகனொருவன் கிணற்றினுட் குரல் கேட்டு அவனைக் கரையேற்றினான். உயிரோடு மீண்ட மூத்தோன் தன் அரியணையைக் கேட்டுப் போர்தொடுத்திருக்கலாம். அவன் அதனைச் செய்திலன். பாணகங்கைக் கரையில் இடந்தேடி, 1405ஆம் ஆண்டளவில், தன் பெயரால் ஹரிப்பூரை எழுப்பிப் புதிய அரசொன்றை நிறுவினான். புலியும் ஆடும் ஒரே துறையில் நீருண்ட இடத்தை ஆயனொருவன் காட்டினான் என்றும், ஆயரைக் குறிக்கும் ‘குவாலர்’ என்னுஞ் சொல்லே குலேர் எனத் திரிந்தது என்றும் ஊரார் கூறுவர். மூத்தோன் வழியென்பதால், சிற்றரசாயினும் சடங்கு முறைமைகளிற் காங்ராவிலும் குலேருக்கே முதன்மை இருந்துவந்தது. இடத்தை விட்டுக்கொடுத்தவன் வழியினருக்கு மரியாதை நிலைத்தது.

இத்தகைய சிற்றரசில் எவ்வாறு பேரோவியம் பிறந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலிப் சிங் என்பான் குலேரை ஆண்டான். அக்காலத்திலே சேவு பண்டிதர் என்னும் ஓவியர் அவ்வூரில் வாழ்ந்தார். பண்டிதர் என்னும் பட்டத்தைக் கேட்டு அவரை அந்தணர் என்று கருதலாகாது. அவர் தச்சர் மரபினர். உளிபிடித்த குடியிலே தூரிகை பிடித்தவர். அவருக்கு மைந்தர் இருவர். மூத்தவன் மானகு, இளையவன் நயின்சுக். கண்ணுக்கு இன்பம் என்பது இளையவன் பெயரின் பொருள். இலங்கை முற்றுகையை 1725ஆம் ஆண்டையொட்டி வரைந்தவன் மானகுவே என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. 1730இல் அவன் முடித்த கீதகோவிந்தச் சித்திரங்கள் ஆண்டும் பெயரும் பொறித்தவையாதலின் ஐயத்துக்கு இடமில்லாதவை.

அவ்வோவியர் தொழில் செய்த முறை இன்றைய அவசரக்காரருக்குப் பொறுமையைச் சோதிப்பதாகும். கையாற் செய்த தாளைப் பல படையாக ஒட்டுவர். அதன்மேல் முதற்கோட்டை மெல்ல இழைப்பர். பின்னர் வெண்மைப் பூச்சொன்றை மெல்லிதாய்ப் பூச, அதனூடே பழைய கோடு மங்கலாய்த் தெரியும்; அதனைத் திருத்தி மீண்டும் வரைவர். தாளைக் கவிழ்த்து, வழுவழுப்பான கல்லால் முதுகிலே தேய்த்துத் தேய்த்து, முகத்தைக் கண்ணாடிபோல் ஆக்குவர். அதன்பின்னரே வண்ணம். வண்ணங்கள் பெரும்பாலும் கல்லும் மண்ணும் செடியும் தந்தவை. தூரிகை அணில் மயிரால் ஆனது. அண்மையிலுள்ள பசோலியின் ஓவியர் மரகதத்தைக் காட்ட வேண்டுமிடத்து வண்டின் பச்சைச் சிறகைத் துண்டாக நறுக்கி ஒட்டினர். ஓரேடு முடிய நாட்கள் பல செல்லும்.

இலங்கை முற்றுகையின் ஏடுகளோ வழக்கமான சிற்றோவியங்கள் அல்ல. ஏறக்குறைய முப்பத்திரண்டு அங்குல நீளமும் இருபத்திரண்டு அங்குல உயரமும் உடைய பெருந்தாள்கள். வான்மீகியின் யுத்த காண்டத்தை அடியொற்றிச் செல்பவை. அவ்வரிசை முற்றுப்பெறவில்லை. முன் ஏடுகள் வண்ணமும் பொன்னும் நிறைந்து ஒளிர்கின்றன. பிற்பட்டவற்றிற் சில இடங்களே வண்ணம் பெற்றுள்ளன. அதற்கும் பிற்பட்டவை வெறுங்கோடுகளாய் நின்றுவிட்டன. கதையை விட்டுக் கையைப் பார்க்க விரும்புவோருக்கு அக்கோட்டேடுகளே பெருவிருந்து. வண்ணத்தின் போர்வையின்றி ஓவியன் எங்கே தயங்கினான், எங்கே துணிந்தான் என்பதை அவை ஒளிவின்றிக் காட்டுகின்றன.

இவ்வேடுகளை உலகறியச் செய்தவர் இலங்கையிற் பிறந்தவர் என்பது கருதத்தக்கது. 1877இற் கொழும்பிலே, சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இராசபுத்திர ஓவியம் பற்றிய தமது நூலை 1916இல் இரு பகுதிகளாக வெளியிட்டார். அதுகாறும் இந்திய ஓவியமென்றாலே மொகலாய அவைக்களத்து ஓவியமென்று மேல்நாட்டார் எண்ணியிருந்தனர். இராசபுத்தானத்தும் பஞ்சாப் மலைநாட்டும் வேறொரு மரபு உண்டென்றும், அது மக்களின் பக்தியிலும் பாடலிலும் வேரூன்றியதென்றும் எடுத்துக்காட்டியவர் அவரே. தாம் அரிதின் தேடிய ஓவியங்களை இந்தியாவிலேயே வைத்துத் தேசிய நூதனசாலையொன்று அமைக்க அவர் விரும்பினார். அதனை ஏற்று நடாத்த முன்வந்தோர் இல்லை. 1917இல் அவர் பொஸ்டன் நகர நூதனசாலைக்குச் சென்றபோது ஓவியங்களும் கடல்கடந்தன. இலங்கை முற்றுகையின் ஏடுகள் இன்று பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் பிற நகரங்களிலும் பிரிந்து கிடக்கின்றன.

குமாரசுவாமி அவ்வேடுகள் ஜம்முவில் தோன்றியவை என்று கருதினார். அது தவறென்றும் அவை குலேருக்கே உரியவையென்றும் பின்வந்தோர் தெளிந்தனர். அவர் அறிவுக்கு இது இழுக்கன்று. ஓவியத்தில் ஊர்ப்பெயர் இல்லை. ஓவியன் பெயரும் இல்லை. அன்றியும், இந்தியக் கலைஞன் தன் பெயரைப் பொறியாது மறைந்து நிற்பதே அவன் பெருமை என்பது குமாரசுவாமியின் ஆழ்ந்த கொள்கை. அக்கொள்கை அழகியது. எனினும், பெயர் பொறியாமை வேறு, பெயரே இல்லாமை வேறு. அவ்வோவியரும் ஒரு தந்தைக்கு மகனாய், ஒரு தெருவிற் குடியிருந்து, ஓர் அரசனிடம் கூலி பெற்றவரே. அவர்களை ‘குலேர்ப் பாணி’ என்றும் ‘காங்ராப் பாணி’ என்றும் அரசுகளின் பெயராலே அழைத்தமையால், ஆண்டவன் பெயர் நிலைக்க, வரைந்தவன் பெயர் மறைந்தது.

அம்மறைந்த பெயர்களைக் காத்து வைத்திருந்தது அரண்மனையன்று, ஒரு திருத்தலம். கங்கை மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் ஹரித்துவாரத்திலே யாத்திரீகரை வரவேற்கும் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் உண்டு. அவர்களிடம் ‘பஹி’ எனப்படும் நீண்ட கணக்கேடுகள் உண்டு. முன்னோர் அஸ்தியைக் கரைக்கவோ நீராடவோ வருவோர் தம் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், குலம், ஊர் ஆகியவற்றை அவ்வேட்டிலே பதிவர். ஒரு குடியின் ஏடு தலைமுறை தலைமுறையாக ஒரே புரோகிதக் குடும்பத்தின் கையில் இருக்கும். 1960களிலே கலை வரலாற்றறிஞர் பி. என். கோஸ்வாமி இவ்வேடுகளைப் புரட்டத் தொடங்கினார். மன்னரைத் தேடாது தச்சரையும் ஓவியரையும் தேடினார். மலைநாட்டின் பழைய தாக்ரி எழுத்திலே, குலேர் ஊரினன் என்று தன்னைக் குறித்து 1736இல் மானகு தன் கையால் எழுதியிருந்தான். ஒரு பதிவோடு மற்றொன்றை இணைக்க, சேவுவின் குடும்ப மரம் கிளைகளோடு எழுந்தது. மானகுவின் மக்கள் இருவர், நயின்சுக்கின் மக்கள் நால்வர், அவர்தம் மக்கள் என அது விரிந்தது. மலைநாட்டு ஓவியத்தின் பாணி அரசுக்குரியதன்று, குடும்பத்துக்குரியது என்று 1968இல் கோஸ்வாமி எழுதிய கட்டுரை அத்துறையின் போக்கையே மாற்றிற்று.

நயின்சுக்கின் பதிவு இன்னும் உருக்கமானது. அவன் 1740ஆம் ஆண்டளவிற் குலேரை நீங்கி ஜஸ்ரோட்டாவைச் சேர்ந்த பல்வந்த் சிங் என்பானிடம் பணிபுரிந்தான். பெருநிலம் ஆண்ட பேரரசனல்லன் பல்வந்த் சிங். ஆயினும் அவனைப்போல் ஓவியனுக்கு இடங்கொடுத்த தலைவர் அரியர். சபையில் வீற்றிருக்கும் கோலத்தில் மட்டுமன்றி, தாடி திருத்திக்கொள்ளும்போதும், பாசறையிலே தனித்திருந்து கடிதம் எழுதும்போதும் தன்னை வரைய அவன் இசைந்தான். ஓரோவியத்திலே அவன் கையில் சித்திரமொன்றை ஏந்தி நோக்குகின்றான். பின்னே பணிந்து நிற்பவன் நயின்சுக் தானே. 1763இல் அத்தலைவன் இறந்தான். அவன் அஸ்தியை ஹரித்துவாரம் கொண்டுசென்றோருள் நயின்சுக்கும் ஒருவன். அவ்வேளை அவன் பண்டாவின் ஏட்டில் பெயரெழுதியதோடு நின்றானல்லன். சிவபெருமான் குடும்பத்தோடு வீற்றிருக்கக் கங்கை இறங்கிவரும் காட்சியையும் அந்த ஏட்டிலேயே கோடாக வரைந்து வைத்தான். விற்பதற்கோ அரசன் பார்ப்பதற்கோ அன்று. புரோகிதனின் கணக்கேட்டிலே, கங்கைக் கரையிலே, கடைசிக் கடன் செலுத்திய கையால் வரைந்தது. மலைநாட்டுச் சித்திரங்கள் யாவற்றுள்ளும் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

அவன் மக்களும் மானகுவின் மக்களும் வளர்ந்து, பின்னர்க் காங்ராவை ஆண்ட சன்சார் சந்த் காலத்திலே கீதகோவிந்தத்தையும் பாகவதத்தையும் மீண்டும் வரைந்தனர். இன்று நாட்காட்டிகளிலே காணும் மென்மையான இராதையின் முகம் அவர்களுக்குக் கடன்பட்டதே. 1813இல் பஞ்சாப் வேந்தன் ரஞ்சித் சிங் குலேரைக் கைப்பற்ற, அரசவை கலைந்தது. ஓவியரின் பிழைப்பும் அதனோடு தேய்ந்தது.

ஓவியம் போனாலும் வழிபாடு போகவில்லை. இப்பகுதிக்கு வருவோர் பெரும்பாலும் ஓவியத்தைத் தேடி வருவோரல்லர். தேவியைத் தேடி வருவோர். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 164 கிலோமீற்றர் செல்லும் ஒடுங்கிய புகையிரதப் பாதை 1929இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைவதிலும் மலையைச் சுற்றிப் போவதே மேலென்று கருதினார் போலும் அதனை அமைத்தோர், சுரங்கங்கள் இரண்டே. குலேர் நிலையத்துக்கு அப்பால் ஜுவாலாமுகி ரோட் என்னும் நிலையம் வரும். அங்கிருந்து சென்றாற் காணும் ஜுவாலாமுகி ஆலயத்திலே விக்கிரகம் இல்லை. பாறை வெடிப்புக்களிலிருந்து எழும் வாயு, நீலமும் மஞ்சளுமாய் நாவுபோல் எரிகின்றது. அச்சுடரே அம்மன். தட்சன் வேள்வியில் உயிர்நீத்த சதியின் நாக்கு வீழ்ந்த இடம் அதுவென்பது ஐதிகம். 1815இல் அங்கு வந்து வழிபட்ட ரஞ்சித் சிங் கூரைக்குப் பொன் வேய்ந்தான். அவன் மகன் கரக் சிங் வெள்ளிக் கதவுகள் அளித்தான். நிலத்தடி வாயு எரிவதென்று விஞ்ஞானம் காரணங் கூறும். அதனை அறிந்த அடியாரும் கைகூப்பியே நிற்கின்றனர். இரண்டுக்கும் அவர் முரண் காண்பதில்லை.

அதே வட்டாரத்தில் மஸ்ரூர் என்னும் இடத்திலே மணற்பாறைக் குன்றொன்றைக் குடைந்து ஒரே கல்லிற் செதுக்கிய கோயிற் கூட்டம் உண்டு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். மாமல்லபுரத்து இரதங்களைக் கண்டவருக்கு அது முற்றும் புதிதாய்த் தோன்றாது. ஆயினும் அங்கே அலைகடல் முன்னிற்க, இங்கே பனிமலை முன்னிற்கின்றது. கோயிலின் முன்னே ஒரு குளம். காற்றில்லாத காலைவேளையிற் சிகரங்கள் நீரிலே தலைகீழாய் நிற்கும். 1905ஆம் ஆண்டு ஏப்பிரில் 4ஆம் திகதி காங்ரா நாட்டைப் பூகம்பம் குலுக்கி ஏறக்குறைய 20,000 உயிர்களைப் பலிகொண்டது. காங்ராக் கோட்டையும் வச்சிரேசுவரி ஆலயமும் இடிந்து வீழ்ந்தன. மஸ்ரூர்க் கோயில்கள் சிதைந்தும் நிலைபெயராது நிற்கின்றன.

குலேரைத் தாக்கிய பேரிடியோ பூகம்பமன்று, நீர். பியாஸ் ஆற்றின் குறுக்கே பொங் அணை 1974இல் முற்றுப்பெற, அகன்ற நீர்த்தேக்கம் உருவாயிற்று. ஹல்தூண் என வழங்கிய குலேர்ப் பகுதியின் வளமான வயற்பரப்பு நீருள் மறைந்தது. புகையிரதப் பாதையின் ஒரு பகுதியும் 1973இல் மூடப்பட்டு, மேட்டு நிலத்திலே புதிதாய் இடப்பட்டு, 1976இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. சுமார் 20,000 குடும்பங்கள் நிலமிழந்தன. அணைநீர் பாயவிருந்த இராசத்தான் பாலைப்புறத்திலே அவர்களுக்கு நிலம் வாக்களிக்கப்பட்டது. மாமர நிழலில் வளர்ந்தோர் மணற்காட்டில் வாழ இயலாது சிலர் மீண்டனர். நிலமே கிடைக்காது வழக்காடியோர் பலர். அத்தண்ணீர் வறண்ட நிலத்தை விளைவித்தது மெய்யே. அதன் விலையைக் கொடுத்தோர் வேறு ஊரார் என்பதும் மெய்யே.

குளிர்காலத்தில் அந்நீர்ப்பரப்பிலே இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. வேனிலில் நீர் வற்ற, ‘பாத்து கி லடி’ என்னும் பழைய கோயிற் கூட்டம் சேற்றினின்றும் மேலெழும். சில மாதம் மக்கள் படகேறியும் நடந்தும் சென்று விளக்கேற்றுவர். மழை தொடங்க, அது மீண்டும் மூழ்கும்.

ஹரிப்பூரில் இன்று எஞ்சியிருப்பவை ஆற்றின் மேலே இடிந்த கோட்டையும், வாயில்களும், கோயில்களும், குளங்களும். சேவுவின் மக்கள் வரைந்த ஏடொன்றை அவ்வூரிலே தேடுவது வீண். குலேர் அரச குடும்பத்தாரிடமிருந்தவற்றைக் காண விரும்புவோர் சண்டிகர் நூதனசாலைக்குச் செல்ல வேண்டும். அந்நூதனசாலை உருவாக முன்னின்ற எம். எஸ். ரந்தாவா அவற்றைச் சிதறாது காத்தார். மானகுவின் 1730ஆம் ஆண்டுக் கீதகோவிந்தம் லாகூரில் இருந்தது. நாடு பிரிந்தபின் நூதனசாலைப் பொருளும் பிரிக்கப்பட, இராதை சில ஏடுகளில் எல்லைக்கு அப்பாலும் கண்ணன் சில ஏடுகளில் இப்பாலும் ஆயினர்.

ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் ஏடுகள் மட்டும் பிரிக்கப்படவில்லை. அங்கு செல்பவனைப் புரோகிதர் முதலிற் கேட்பது அவன் இன்று வாழும் ஊரையன்று, முன்னோர் ஊரை. இராசத்தானிற் பிறந்து, பாணகங்கையைக் கண்டிராத இளைஞனொருவன் தந்தையின் அஸ்தியோடு அக்கரையில் நின்றால், அவன் சொல்ல வேண்டிய பெயர் நீருள் மறைந்த கிராமத்தின் பெயரே. அதைச் சொன்னதும் புரோகிதர் ஏட்டை எடுத்து, தாள்களைத் தள்ளி, அவன் பாட்டனின் கையெழுத்தைக் காட்டுவார். அதன் கீழே அவன் தன் பெயரை எழுதுவான்.